மணலில் மேய்ச்சல் புல்: வாசகர் கேள்வி – பதில்

மணற்பாங்கான நிலத்தில் தீவனப் புல் வளர்ப்பது பற்றித் தென் மாவட்டங்களிலிருந்தும் வேதாரண்யம் கரையிலிருந்தும் வந்த கேள்விகளை இந்த முறை ஒன்றாக எடுத்துக்கொண்டிருக்கிறோம். ஒரே செய்தியைப் பலர் கேட்டிருந்த இடங்களில், விவரம் மிகுந்த கடிதத்தை மட்டும் சுருக்கி வெளியிட்டுள்ளோம்.

கேள்வி: தேரியை (செம்மணல் மேட்டை) ஒட்டி எங்களுக்கு மூன்று ஏக்கர் செம்மணல் நிலம் இருக்கிறது. முழுவதும் மானாவாரி. பனையும் உடை மரமும் தவிர வேறொன்றும் இல்லை. சென்ற ஆடியில் ஒரு தூறல் விழுந்ததும் உழுது கொழுக்கட்டைப் புல் விதையை வீசினேன். அங்கொன்றும் இங்கொன்றுமாக முளைத்தவையும் ஆவணிக்குள் மறைந்துவிட்டன. பங்குனியில் அறுத்த புது விதை என்று சொல்லித்தான் கொடுத்தார்கள். மண்ணில் சத்து இல்லாததுதான் காரணமா? – ஒரு வாசகர், உடன்குடி

பதில்: சத்துக் குறைவின் மேல் இந்தப் பழியைப் போட முடியாது. கொழுக்கட்டைப் புல் வறண்ட மணலுக்கே உரிய புல். ராஜஸ்தானில் அஞ்சன், தாமண் என்ற பெயர்களில் அழைக்கப்படும் இதே புல்தான் அங்குள்ள வறண்ட மேய்ச்சல் நிலங்களைத் தாங்கி நிற்கிறது. தூர் கட்டி வேர் ஆழமாக இறங்கிய பிறகு அது எந்த வறட்சியையும் பார்த்துக்கொள்ளும். மணலில் புல் தோற்பதெல்லாம் பெரும்பாலும் விதைத்த முதல் மாதத்தில், மேல் மண்ணின் இரண்டு விரல் கனத்துக்குள்தான். தங்கள் நிலத்திலும் காலம், விதை, ஆழம் ஆகிய மூன்றும் சேர்ந்து அந்த முதல் மாதத்தைக் கெடுத்திருக்கின்றன.

முதலில் காலம். ‘ஆடிப்பட்டம் தேடி விதை’ என்ற பழமொழி தங்கள் தேரிக்குப் பொருந்தாது. ஆடி அங்கே மழை மாதம் அன்று, காற்று மாதம். மலைத் தொடரின் இடைவெளிகள் வழியாக மேற்கிலிருந்து இறங்கும் அந்தக் காற்று தேரி மணலையே இடம் பெயர்த்துவிடும். ஓரிலை, ஈரிலைப் பருவத்தில் உள்ள புல் நாற்றின் மீது மணல் துகள்கள் இடைவிடாமல் மோதினால் இலை கிழிந்து காய்வதும், வேர் வெளியே தெரிவதும், சில இடங்களில் நாற்று அப்படியே புதைந்துபோவதும் தவிர்க்க முடியாதவை. ஆண்டு மழையின் பெரும்பங்கு தங்கள் பகுதிக்கு வடகிழக்குப் பருவத்தில்தான் வருகிறது. ஆகவே புரட்டாசிக் கடைசியில் நிலத்தை ஆயத்தம் செய்து வைத்து, ஐப்பசியில் மண் ஓரடி ஆழத்துக்கு நனைந்த பிறகு விதைப்பதே முறை. அப்போது காற்றும் அடங்கியிருக்கும். கார்த்திகை, மார்கழியில் விட்டுவிட்டு வரும் மழையும் பனியும் நாற்றைத் தை வரை கொண்டுவந்து சேர்க்கும். தை பிறப்பதற்குள் வேர் ஓரடிக்குக் கீழே போயிருந்தால் கோடையைத் தாண்டும். போகாத தூர் மாசியில் காய்ந்துவிடும். கார்த்திகை பாதிக்கு மேல் விதைக்க வேண்டாம் என்று சொல்வதற்கு இதுவே காரணம்.

அடுத்து விதை. புது விதை என்று பெருமையாகச் சொல்லி விற்பது நெல்லுக்குச் சரியாக இருக்கலாம். கொழுக்கட்டைப் புல்லுக்கு அதுவே குறை. அறுவடை செய்த விதைக்கு ஆறு முதல் எட்டு மாதங்கள் வரை உறக்க காலம் உண்டு. பங்குனியில் அறுத்ததை ஆடியில் போட்டால் பெரும்பகுதி உறங்கிக்கொண்டேதான் இருக்கும். முந்தைய ஆண்டு அறுத்து உலர வைத்த விதையைக் கேட்டு வாங்குங்கள். புது விதைதான் கிடைக்கிறது என்றால், ஒரு லிட்டர் தண்ணீருக்கு 10 கிராம் பொட்டாசியம் நைட்ரேட் கரைத்து, அதில் 48 மணி நேரம் ஊற வைத்து, நிழலில் உலர்த்தி விதைக்கலாம். எதுவானாலும் வாங்கிய மூட்டையிலிருந்து கைப்பிடி எடுத்து இரண்டு உள்ளங்கைகளுக்கு நடுவில் வைத்துத் தேய்த்துப் பாருங்கள். மயிர் போன்ற தும்பு உதிர்ந்து உள்ளே கெட்டியான சிறு மணி தென்பட வேண்டும். வெறும் தும்பும் உமியும் மட்டுமே கையில் நின்றால் அந்த மூட்டையைத் திருப்பிக் கொடுத்துவிடுவது நல்லது. மணி இருந்தால் நூறு விதையை எண்ணி ஈரத் துணியில் முடிந்து வைத்து, இரண்டு வாரத்தில் எத்தனை முளைக்கிறது என்று பார்த்த பிறகு விதை அளவை முடிவு செய்யலாம். வரிசை விதைப்புக்கு எக்டேருக்கு 6 முதல் 8 கிலோ, அதாவது ஏக்கருக்கு ஏறத்தாழ மூன்று கிலோ என்பது முளைப்பு நன்றாக உள்ள விதைக்கான கணக்கு.

மூன்றாவதான ஆழம்தான் மணல் நிலத்தின் உண்மையான சிக்கல். ஓர் அங்குல மழை, அதாவது 25 மில்லிமீட்டர், மணலில் ஓரடிக்குமேல் இறங்கும். அதே மழை கரிசலில் அரையடியைத் தாண்டாது. தண்ணீர் சுலபமாகக் கீழே போவது வளர்ந்த புல்லுக்கு நல்லது. ஆனால் மேல் மண் மழை நின்ற மறுநாளே உலர்ந்துவிடும். இந்தச் சிறிய விதையை இரண்டு சென்டிமீட்டருக்குக் கீழே போட்டால் முளை மேலே வரத் திணறும். ஒரு சென்டிமீட்டரில் போட்டால் முளைக்கும் முன்பே ஈரம் போய்விடும். வீசி விதைத்ததில் பாதி மண்ணுக்கு மேலேயே கிடந்து எறும்புக்குப் போயிருக்கும். உழவுச் சாலில் விழுந்த மீதி ஆழத்தில் புதைந்திருக்கும்.

இதற்கு வழி ஒன்று உண்டு. விதைக்குமுன் ஆழமாக உழ வேண்டாம். ஏற்கெனவே இளகியிருக்கும் மணலை மேலும் இளக்குவதால் ஈரம்தான் போகும். பழைய கட்டைகளை மட்டும் தோண்டி எடுத்துவிட்டு, மேற்குக் காற்றுக்குக் குறுக்காக, வடக்குத் தெற்காக, அரை மீட்டர் இடைவெளியில் ஐந்து சென்டிமீட்டர் ஆழத்துக்குச் சிறு சால் கிழியுங்கள். சாலின் அடியில் விதையைத் தூவி, மேலே ஒரு சென்டிமீட்டர் கனத்துக்கு மட்டும் மணலைத் தள்ளி மூட வேண்டும். உடை முள் கிளை ஒன்றைச் சாலோடு இழுத்துக்கொண்டு போனாலே அந்த அளவு மண் மூடிவிடும். இத்தோடு பலர் நிறுத்திவிடுகிறார்கள். மூடிய பின் சாலின் மேல் அடிமேல் அடி வைத்து நடந்து மிதிப்பது மிகவும் முக்கியம். பொலபொலவென்று கிடக்கும் மணலில் விதைக்கும் ஈரத்துக்கும் இடையே காற்றுதான் இருக்கும். மிதித்து இறுக்கிய மணலில் கீழ் ஈரம் மேலே ஏறி விதையைத் தொடும். மிதித்த இடத்தில் கால் தடம் தெளிவாகப் பதிந்து, ஓரம் சரியாமல் நின்றால் ஈரமும் இறுக்கமும் சரியாக இருக்கின்றன என்று கொள்ளலாம். தடம் உடனே சரிந்து மூடிக்கொண்டால் அன்று விதைக்காதீர்கள். அடுத்த மழைக்குக் காத்திருங்கள்.

ஆனால் ஒரே நாளில் கொட்டித் தீர்க்கும் பெருமழை வந்தால் சாலின் இரு கரையும் சரிந்து விதை புதைந்துவிடும். அதனால் புயல் சின்னம் பற்றிய அறிவிப்பு இருக்கும் வாரத்தில் விதைப்பதைத் தள்ளிப்போடுவது நல்லது.

காற்றைத் தடுப்பதற்குத் தங்கள் நிலத்திலேயே பொருள் இருக்கிறது. பனையோலை மட்டைகளைப் பத்துப் பதினைந்து அடிக்கு ஒரு வரிசையாக, காற்றுக்குக் குறுக்கே, முழங்கால் உயரத்துக்கு நட்டு வைத்தால் அடுத்த ஆடிக் காற்றில் இளம் புல் தப்பிக்கும். சால்களுக்கு நடுவே சில வரிசைகள் கொழிஞ்சி போட்டு வைப்பதும் நல்ல ஏற்பாடு. ஆடு மாடு அதைக் கடிக்காது. மணலில் தானாகவே வரும். மண்ணையும் பிடித்து நிறுத்தும். கொழிஞ்சி விதையின் மேல்தோல் கடினமானது என்பதால் மணலோடு சேர்த்துத் தேய்த்த பிறகே விதைக்க வேண்டும்.

இவ்வளவும் சொன்ன பிறகும், தேரி மணலுக்கு எங்கள் முதல் பரிந்துரை விதை அன்று, வேரோடு பிரித்த தூர்தான். வீட்டுக்கு அருகில் தண்ணீர் வசதி உள்ள இடத்தில் இரண்டு சென்டில் இந்தக் கோடையிலேயே விதைத்து வளர்த்துக்கொள்ளுங்கள். ஐப்பசி மழையில் அந்தத் தூர்களைப் பெயர்த்து, இலையை ஒரு சாண் உயரத்துக்கும் வேரை இரண்டு விரல் நீளத்துக்கும் நறுக்கி, குழிக்கு இரண்டு மூன்று கிளைப்பாக எட்டு முதல் பத்து சென்டிமீட்டர் ஆழத்தில் நட்டு மிதிக்க வேண்டும். உலரும் மேல் மண்ணுக்குக் கீழே வேர் உட்கார்ந்துவிடுவதால் முதல் மாதத்தின் ஆபத்தில் பெரும்பகுதி நீங்கிவிடும். வரிசைக்கு 50, செடிக்குச் செடி 30 சென்டிமீட்டர் என்ற வழக்கமான இடைவெளியில் ஏக்கருக்குச் சுமார் 27,000 குழிகள் வரும். மானாவாரி மணலுக்கு இவ்வளவு நெருக்கம் தேவையில்லை. இரண்டடிக்கு இரண்டடி நட்டால் பதினோராயிரம் குழிகளில் முடிந்துவிடும். இடையில் உள்ள மண்ணைப் புல்லே விதை உதிர்த்து நிரப்பிக்கொள்ளும். மூன்று ஏக்கரையும் ஒரே பருவத்தில் புல்லாக்க முயலாமல், முதலாண்டில் காற்று குறைவாகப் படும் அரை ஏக்கரில் தொடங்குங்கள். அடுத்த ஆண்டுக்கான தூர் முழுவதும் அதிலிருந்தே கிடைக்கும்.

கேள்வி: கொழுக்கட்டைப் புல் விதை பஞ்சு போல ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்கிறது, கையிலிருந்து சீராக விழ மறுக்கிறது. விழுந்ததையும் எறும்பு இழுத்துப்போகிறது. என்ன செய்யலாம்? – ஒரு வாசகி, திசையன்விளை

பதில்: விதையைச் சுற்றியுள்ள தும்புதான் ஒட்டுவதற்குக் காரணம். விதையைப் போல நான்கைந்து மடங்கு ஈர மணலைக் கலந்து பிசறி, ஒரு மணி நேரம் வைத்திருந்து தூவினால் சீராக விழும். எறும்புத் தொல்லை மிகுந்த இடத்தில் விதையோடு களிமண், பச்சைச் சாணம், கொஞ்சம் மணல் ஆகியவற்றைச் சேர்த்துப் பிசைந்து, சுண்டைக்காய் அளவில் உருட்டி நிழலில் காய வைத்துப் பயன்படுத்துவது நல்லது. ராஜஸ்தானின் மேய்ச்சல் நிலங்களிலும் இம்முறை உண்டு. உருண்டை காற்றில் பறக்காது. எறும்புக்கும் எளிதில் வசப்படாது. களிமண்ணின் அளவைக் கூட்டிவிடாமல் பார்த்துக்கொள்ளுங்கள். செங்கல் போல இறுகிய உருண்டை நல்ல மழைக்கும் கரையாமல் அப்படியே கிடக்கும். ஓர் உருண்டையைத் தண்ணீர்க் கிண்ணத்தில் போட்டால் சிறிது நேரத்தில் தானாகவே பிளந்து உதிர வேண்டும். உருண்டை விதைப்புக்கு நல்ல மழை தொடர்ந்து கிடைக்கும் ஐப்பசி நடுவே ஏற்றது. ஒற்றைத் தூறலை நம்பி இதைச் செய்ய வேண்டாம்.

கேள்வி: கடலோர மணலில் ஆழ்துளைக் கிணறு போட்டிருக்கிறேன். தண்ணீர் சற்று உப்பு. நான்கு கறவை மாடுகளுக்காக ஒரு ஏக்கரில் கம்பு நேப்பியர் போடலாம் என்று இருக்கிறேன். கோ 4, கோ 5 இவற்றில் எது மணலுக்கு ஏற்றது? – ஒரு வாசகர், இராமநாதபுரம் மாவட்டம்

பதில்: ரகத்தைப் பற்றிப் பேசுவதற்கு முன்பு தண்ணீரைப் பற்றிப் பேச வேண்டியிருக்கிறது. கம்பு நேப்பியர் விளைச்சலில் ஈடு இணையற்ற புல்தான். ஆனால் அது தண்ணீரையும் உரத்தையும் ஓயாமல் கேட்கும். பத்து நாளைக்கு ஒரு முறை பாசனம் என்று பொதுவாகச் சொல்லப்படும் பரிந்துரை ஈரம் காக்கும் மண்ணை மனத்தில் வைத்துச் சொன்னது. மணலில் மூன்று நான்கு நாளைக்கு ஒரு முறை, அளவு குறைத்து, பாய்ச்ச வேண்டியிருக்கும். பத்து நாள் தண்ணீரை ஒரே நாளில் விட்டால் பெரும்பகுதி வேருக்குக் கீழே போய்விடும், கூடவே போட்ட யூரியாவும் போகும்.

கடற்கரை மணலில் நல்ல தண்ணீர் என்பது மழையில் இறங்கி, அடியிலுள்ள உவர் நீரின் மேல் மிதந்துகொண்டிருக்கும் மெல்லிய படலம். அதை நாள்தோறும் மோட்டார் வைத்து இறைத்தால் கீழேயுள்ள உப்பு நீர் மேலே ஏறும். ஒரு ஏக்கர் நேப்பியரைக் கோடை முழுவதும் காப்பாற்றப் போய், வீட்டுக்கும் மாட்டுக்கும் குடிக்கத் தண்ணீர் இல்லாமல் செய்துகொள்வது புத்திசாலித்தனம் ஆகாது. எனவே தண்ணீரை வைகாசியில், அதாவது உப்பு உச்சத்தில் இருக்கும்போது, மாதிரி எடுத்து மண் பரிசோதனை நிலையத்தில் கொடுத்து உப்பின் அளவைக் காட்டும் மின்கடத்தும் திறனைப் பாருங்கள். கார்த்திகையில் எடுத்த மாதிரி தங்களை ஏமாற்றிவிடும். அளவு மீட்டருக்கு 2 டெசிசைமன்ஸுக்குள் இருந்தால் பத்துப் பதினைந்து சென்டில், மாட்டுத் தொழுவத்துக் கழுவு நீர் பாயும் இடத்தில், நேப்பியர் போட்டுக்கொள்ளலாம். அங்கே எந்த ரகமும் வரும். 4-ஐத் தாண்டினால் நேப்பியரை மறந்துவிடுவது நல்லது.

மீதி நிலத்துக்கு உப்பை ஓரளவு தாங்கும் ரோட்ஸ் புல்லும் கொழுக்கட்டைப் புல்லும் போதும். மணலுக்கு உள்ள ஒரு நன்மை, கோடையில் சேர்ந்த உப்பை வடகிழக்குப் பருவமழை கழுவிக் கீழே இறக்கிவிடும் என்பது. ஆகவே மழைக்காலத்தில் நட்டு, முதல் மூன்று மாதத்தை மழை நீரிலேயே கழித்துவிட்டால், பிற்பாடு சற்று உப்பான தண்ணீரையும் புல் பொறுத்துக்கொள்ளும். உப்பு நீரை மழைத்தூவானில் இலை மேல் படும்படி நண்பகலில் தெளிக்க வேண்டாம். இலை நுனி கருகும்.

கேள்வி: யூரியா போட்டால் பத்து நாள் கருகருவென்று இருக்கிறது, பிறகு வெளுத்துவிடுகிறது. மறுபடி போட வேண்டியிருக்கிறது. இதற்கு முடிவே இல்லையா? – ஒரு வாசகர், வேதாரண்யம்

பதில்: மணலுக்குச் சத்தைப் பிடித்து வைக்கும் களியும் மக்கும் இல்லை என்பதே இதற்குக் காரணம். தழைச்சத்தும் சாம்பல்சத்தும் தண்ணீரோடு ஓடிவிடும். மணிச்சத்து மட்டும் அவ்வளவு விரைவில் போகாது. மானாவாரிக் கொழுக்கட்டைப் புல்லுக்கு எக்டேருக்குத் தழை, மணி, சாம்பல் சத்துகள் முறையே 25:40:20 கிலோ என்பது பரிந்துரை. ஏக்கர்க் கணக்கில் இது யூரியா 22 கிலோ, சூப்பர் பாஸ்பேட் 100 கிலோ, பொட்டாஷ் 13 கிலோ. சூப்பர் முழுவதையும் விதைக்கும்போது சாலிலேயே இட்டுவிடுங்கள். யூரியாவையும் பொட்டாஷையும் அன்றைக்குத் தொடவே வேண்டாம்; புல் கிளைக்கத் தொடங்கிய பிறகு மூன்றாகப் பிரித்து, மழை விட்ட ஈரத்தில், ஒவ்வோர் அறுப்புக்குப் பின்னும் ஒரு பங்காக இடுங்கள். பெருமழை வருமுன் யூரியா இடுவது பணத்தை நிலத்தடி நீரில் கரைப்பதாகும். குடிநீருக்கும் அது நல்லதன்று.

நிலையான மாற்றம் வேண்டுமானால் மண்ணின் பிடிமானத்தைக் கூட்ட வேண்டும். அதற்கு எளியது ஆட்டுக் கிடை. விதைப்பதற்கு முந்தைய கோடையில், பத்தி பத்தியாக இடம் மாற்றிக் கிடை போட்டால் புழுக்கையும் சிறுநீரும் நேரடியாக மண்ணில் சேரும். ஆனால் கிடை ஆடுகள் சீமைக் கருவேல நெற்றைத் தின்றுவிட்டு வந்திருந்தால், அடுத்த ஆண்டு புல்லோடு கருவேல நாற்றையும் பிடுங்க வேண்டியிருக்கும்.

மற்றொன்று கண்மாய், ஏரி வண்டல். ஒரு ஏக்கர் முழுவதும் ஒரு சென்டிமீட்டர் கனத்துக்குப் பரப்புவதற்கே 40 கன மீட்டர், அதாவது 100 கன அடி யூனிட் கணக்கில் பதினான்கு யூனிட் வண்டல் தேவைப்படும். வண்டல் இலவசமாகக் கிடைத்தாலும் வண்டிக் கூலி இலவசம் அன்று. அதனால் நிலம் முழுவதும் பரப்பாமல், சால் அடியிலோ நடவுக் குழியிலோ மட்டும் இரண்டு கைப்பிடி இடுவது கையைக் கடிக்காது. பலனும் ஏறத்தாழ அதேதான், ஏனென்றால் வேருக்கு அருகில்தான் அது வேலை செய்யப்போகிறது. கோரைக் கிழங்கு மண்டிய இடத்து வண்டலை எடுக்காதீர்கள். கடலோரக் கண்மாய் என்றால் வண்டலின் உப்பையும் பரிசோதித்துவிடுங்கள்.

கேள்வி: புல்லோடு முயல் மசால் என்ற பயறு வகைத் தீவனத்தைக் கலந்து விதைத்தால் தழைச்சத்து உரம் மிச்சமாகும் என்று சொன்னார்கள். விதைத்து ஒரு மாதம் ஆகியும் முளைக்கவில்லை. – ஒரு வாசகர், விளாத்திகுளம்

பதில்: விதையின் மேல்தோல் தண்ணீரை உள்ளே விடாததால் வந்த தாமதம் இது. தண்ணீரைக் கொதிக்க வைத்து இறக்கி, 80 டிகிரிக்குத் தணிந்ததும் விதையைப் போட்டு நான்கைந்து நிமிடங்கள் வைத்து வடித்துவிட்டு, பிறகு குளிர்ந்த நீரில் ஓர் இரவு ஊற வைத்து விதைக்க வேண்டும். கொதிக்கும்போதே போட்டால் முளை வெந்துவிடும். ஏற்கெனவே விதைத்தது வீணாகவில்லை. அடுத்தடுத்த மழைகளில் கொஞ்சம் கொஞ்சமாக முளைக்கும், ஆகையால் உழுது புரட்டிவிடாதீர்கள்.

முயல் மசால் முதலாண்டில் மிக மெதுவாகத்தான் வரும். வேகமாக வளரும் புல்லோடு ஒரே சாலில் கலந்தால் நிழலிலேயே மடங்கிவிடும். இரண்டு வரிசை புல்லுக்கு ஒரு வரிசை மசால் என்று பிரித்துப் போடுங்கள். அது காற்றிலிருந்து தழைச்சத்தைச் சேர்ப்பது உண்மையே. ஆனால் அருகிலுள்ள புல்லுக்கு அது போய்ச் சேர்வது இலை உதிர்ந்து மக்கிய பிறகும், மேய்ந்த ஆட்டின் சாணம் வழியாகவும்தான். முதலாண்டிலேயே யூரியாவை நிறுத்திவிட முடியாது. தேரிச் செம்மணலுக்கு முயல் மசால் நன்றாகப் பொருந்தும். கிளிஞ்சல் கலந்த வெண் கடல் மணலில் சுண்ணாம்பு மிகுதியால் இலை மஞ்சளாகும், அங்கே இதை நம்ப வேண்டாம்.

கேள்வி: புல் நன்றாகப் பிடித்துவிட்டது. முழங்கால் உயரம் நிற்கிறது. ஆடுகளை எப்போது விடலாம்? ஐந்து ஏக்கருக்கு எத்தனை ஆடு வைக்கலாம்? – ஒரு வாசகர், சாத்தான்குளம்

பதில்: உயரத்தைப் பார்த்து விடாதீர்கள். ஆடு மேய்வதைப் போல ஒரு தூரின் நுனியைக் கொத்தாகப் பிடித்து வெடுக்கென்று இழுங்கள். இலை அறுந்து கையோடு வந்தால் தூர் வேரூன்றிவிட்டது. தூரே அசைந்தாலோ மணலோடு பெயர்ந்து வந்தாலோ இன்னும் காலம் இருக்கிறது. மணல் வேரைப் பிடித்து வைக்காது என்பதால் களி நிலத்தைவிட இங்கே கூடுதலாகப் பொறுக்க வேண்டும். விதைத்து எழுபத்தைந்து நாளில் முதல் அறுப்பை அரிவாளால், தரையிலிருந்து நான்கு விரல் உயரம் விட்டு, அறுத்துப் போடுங்கள். பிறகு வரும் கதிரை முற்ற விட்டு விதை உதிர விடுங்கள். அடுத்த ஆண்டு மழையில் புல் மறுபடி தழைத்த பின்பே ஆட்டை உள்ளே விடுவது எங்கள் கருத்தில் சரியானது. ஓராண்டு வேலியைக் காப்பாற்றுவது கடினம் என்பது தெரியும். மணல் மேய்ச்சல் நிலங்கள் பலவும் கெட்டது இந்த ஓராண்டுப் பொறுமை இல்லாததால்தான்.

எத்தனை ஆடு என்பதற்கு ஒரு கணக்குப் போடலாம். நீலக் கொழுக்கட்டைப் புல் கோ 1 நல்ல பராமரிப்பில் எக்டேருக்கு ஆண்டுக்கு 40 டன் பசும்புல் வரை தரும், அதாவது ஏக்கருக்கு 16 டன். மானாவாரி மணலில் அதில் பாதி, 8 டன், கிடைப்பதாக வைத்துக்கொள்வோம். அதுவும் நல்ல மழை ஆண்டில். அதில் பாதியை நிலத்திலேயே விட்டுவைக்க வேண்டும், இல்லையென்றால் தூர் தேயும், மண் காற்றுக்குத் திறந்துவிடும். மிஞ்சுவது 4 டன். ஒரு வளர்ந்த செம்மறி நாளொன்றுக்கு மூன்றரைக் கிலோ பசும்புல் தின்றால் ஆண்டுக்கு ஒன்றேகால் டன்னுக்குமேல் ஆகும். ஆகவே ஏக்கருக்கு மூன்று ஆடு, ஐந்து ஏக்கருக்குப் பதினைந்து. மழை குறைந்த ஆண்டில் பத்து. நாற்பது, ஐம்பது ஆடு வைத்திருப்பவர்களுக்கு இந்த எண்ணிக்கை ஏமாற்றமாக இருக்கும். அவர்களுக்கு இந்தப் புல் நிலம் மழைக்காலத்து மூன்று மாதத் தீவனமாகவும், அறுத்து உலர்த்திய வைக்கோலாகவும் உதவும், முழு ஆண்டு மேய்ச்சலாக அன்று.

காங்கேயம் பகுதியின் கொறங்காடுகளை வாய்ப்பிருந்தால் ஒருமுறை நேரில் பாருங்கள். முள் கிளுவை வேலியால் சூழப்பட்ட அந்த மேய்ச்சல் நிலங்களில் கொழுக்கட்டைப் புல்லும் வெள்வேல மரமும் சேர்ந்தே நிற்கின்றன. நிலத்தைப் பத்திகளாகத் தடுத்து, ஒன்றில் மேய விட்டு மற்றதை ஆற விடுகிறார்கள். அங்குள்ள மண் தேரி மணல் போன்றதன்று. ஆனால் பத்தி மாற்றும் முறையை அப்படியே எடுத்துக்கொள்ளலாம். ஐந்து ஏக்கரை ஐந்தாகத் தடுத்து, மழைக்காலத்தில் ஒரு பத்தியில் ஒரு வாரத்துக்குமேல் நிறுத்தாமல் சுற்றி வந்தால் ஒவ்வொரு பத்திக்கும் ஒரு மாத ஓய்வு கிடைக்கும். கோடையில் தூர் நான்கு விரல் உயரத்துக்குக் குறைந்துவிட்டால் ஆட்டை வெளியேற்றிவிட வேண்டும்.

மேலும், தங்களிடம் இருப்பது வேம்பூர், கீழக்கரிசல் போன்ற செம்மறியா, கன்னி, கொடி போன்ற வெள்ளாடா என்று கடிதத்தில் இல்லை. வெள்ளாடு என்றால் வெறும் புல்லால் அதைத் திருப்திப்படுத்த முடியாது. தழை தேடி வேலியைத் தாண்டும். வேலி ஓரத்தில் உடை மரங்களை வெட்டாமல் விட்டு வையுங்கள், உதிரும் நெற்று ஆட்டுக்கு நல்ல தீவனம். தண்ணீர் உள்ள மூலையில் வேலி மசால் என்ற தழைத் தீவனச் செடியை நான்கு வரிசை போடுங்கள்.

கேள்வி: கொழுக்கட்டைப் புல்லை ஆஸ்திரேலியாவில் களை என்று அறிவித்திருக்கிறார்களாமே? நாம் ஏன் அதை வளர்க்க வேண்டும்? – ஒரு கல்லூரி மாணவி, திருநெல்வேலி

பதில்: தெற்கு ஆஸ்திரேலிய மாநிலத்தில் அறிவித்திருப்பது உண்மை. அதே நாட்டில் குவீன்ஸ்லாந்து பண்ணையாளர்களுக்கு அது இன்றும் முக்கியமான மேய்ச்சல் புல். அங்கே அது வெளியிலிருந்து கொண்டுவரப்பட்டது. மேய்ப்பார் இல்லாத வறண்ட காடுகளில் அடர்ந்து காய்ந்து, தீயை மரங்கள் வரை கொண்டுபோகிறது என்பதே புகார். அமெரிக்காவின் அரிசோனாப் பாலையிலும் இதே புகார் உண்டு. நமக்கு அது ஆப்பிரிக்காவிலிருந்து இந்தியா வரை இயல்பாகப் பரவியுள்ள சொந்த மண்ணின் புல். ஆடு மாடு மேயும் நிலத்தில் அவ்வளவு அடர்வாக அது நிற்பதும் இல்லை. ஆயினும் சித்திரை, வைகாசியில் காய்ந்த புல்லைப் பனந்தோப்பை ஒட்டி நெஞ்சளவு நிற்க விடுவது ஆபத்துதான். தோப்புக்கும் புல்லுக்கும் இடையே பத்தடி அகலத்துக்குப் புல்லை மாசியிலேயே அறுத்து, சுத்தமாக வைத்திருங்கள்.

விதைக்கு எங்கே போவது என்று பல கடிதங்களில் கேட்டிருக்கிறார்கள். கோயம்புத்தூரில் உள்ள தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் தீவனப்பயிர்கள் துறையிலும், தங்கள் மாவட்டத்து வேளாண் அறிவியல் நிலையத்திலும் ஆவணிக்குள் கேட்டுப் பதிவு செய்துவிடுங்கள். மழை தொடங்கிய பிறகு கேட்டால் விதை கைக்கு வருவதற்குள் பருவம் முடிந்துவிடும்.